காபரேட்டரில் இருக்கிற சின்ன ஸ்குரூக்கள்: எதை எப்படிப் பூட்டுவது

பழைய மோட்டார் சைக்கிள் காபரேட்டரை முதன்முதலாகக் கழற்றிப் பூட்டப் போகிறவர்கள் ஜெட் (பெற்றோலை அளந்து விடுகிற துளையுள்ள பித்தளைத் துண்டு) எத்தனையாம் நம்பர், ப்ளோட் (உள்ளே பெற்றோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மிதவை) எத்தனை மில்லிமீற்றர் உயரம், ரிப்பேர் கிட் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் வடிவாக விசாரித்துவிட்டுத்தான் கை வைக்கிறார்கள். ஸ்குரூவைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கழற்றின ஸ்குரூவைத் திருப்பிப் போட்டு இறுக்கினால் காணும்தானே என்பது நினைப்பு. சில இடங்களில் அது காணும். ஆனால் ஒரு காபரேட்டரில் இருக்கிற ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆபத்தைச் சுமக்கவில்லை. ஒன்று கழன்றால் பெற்றோல் ஒழுகும், இன்னொன்று கழன்றால் ஐட்லிங் குழம்பும், வேறொன்று கழன்றால் எஞ்சினே போய்விடும். இந்த வித்தியாசம் விளங்கிவிட்டால் எதற்குப் பசை போடுவது, எதற்குப் போடவே கூடாது, எதன் வாலைத் தட்டி விரிக்க வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

கொழும்பில் இப்போது இந்த வேலையில் இறங்குகிறவர்கள் நிறைய. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் வீட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த அப்பாவின் ஹொண்டா, மாமாவின் யமஹா எல்லாம் வெளியே வந்தன. நடுவில் 2022 பெற்றோல் தட்டுப்பாடு வேறு, கியூ.ஆர். கோட் காட்டி அளந்து வாங்கின காலம். அப்போது ஓடாமல் நின்ற எத்தனையோ வண்டிகளின் காபரேட்டருக்குள் மிச்சப் பெற்றோல் காய்ந்து பிசினாகிப் போனது. அதோடு வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்று உப்பு. இரும்பு ஸ்குரூ, பித்தளை ஜெட், துத்தநாகக் கலவையில் வார்த்த உடம்பு என்று மூன்று உலோகம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற இடத்தில் உப்பீரம் பட்டால் அரிப்பு வேகமாகத்தான் நடக்கும். ஆகவே இங்கே கழற்றுவதே பாதி வேலை.

ஸ்குரூ ஏன் கழலுகிறது

ஸ்குரூவை இறுக்கும்போது அது கொஞ்சம் நீளுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் நீளுகிறது. நீண்ட ஸ்குரூ திரும்பச் சுருங்கப் பார்க்கும், அந்தச் சுருக்கம்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதாவது ஸ்குரூவும் ஒரு வகை ஸ்பிரிங்தான், மிக விறைப்பான ஸ்பிரிங். புரியிலும் தலைக்குக் கீழேயும் இருக்கிற உராய்வு அது திரும்பிச் சுழலாமல் பார்த்துக்கொள்கிறது. நாம் கையால் கொடுக்கிற முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்த உராய்வைச் சமாளிக்கவே போய்விடுகிறது, மிச்சப் பத்தில் ஒரு பங்குதான் ஸ்குரூவை நீட்டுகிறது. புரியில் அழுக்கு, துரு, பழைய பசை இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும்: கைக்கு இறுகினது போலத் தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது.

காபரேட்டர் ஸ்குரூக்களுக்கு இதில் தனியான சிக்கல் ஒன்று உண்டு. அவை கட்டை. பத்து மில்லிமீற்றர் நீள ஸ்குரூ எவ்வளவு நீளப் போகிறது? மைக்ரோன் கணக்கில்தான். பாகங்களுக்கு நடுவில் இருக்கிற கடதாசிக் காஸ்கெட் கொஞ்சம் அமுங்கினாலே, வார்ப்பு உலோகம் ஒரு துளி உள்வாங்கினாலே, அந்த நீட்சி முழுவதும் போய்விடும். நீட்சி போனால் பிடிப்பும் போனது. அதற்குப் பிறகு ஸ்குரூ வெறுமனே துளைக்குள் இருக்கிறதே தவிர ஒன்றையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

இதற்கு மேல் அதிர்வு. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியியலாளர் 1969 இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பெரிய திருப்பம். ஸ்குரூவின் நீளப் பக்கமாக இழுத்து விடுகிற அதிர்வைக் காட்டிலும், குறுக்காக ஆட்டுகிற அதிர்வுதான் அதைக் கழற்றும் என்று அவர் காட்டினார். பூட்டின இரண்டு பாகமும் ஒன்றன்மேல் ஒன்று துளியளவு வழுக்கினால், அந்த நொடியில் புரியின் உராய்வு விட்டுக்கொடுத்துவிடும், ஸ்குரூ தானாகவே பின்பக்கம் சுழல ஆரம்பிக்கும். ஒற்றைச் சிலிண்டர் வண்டி காலி வீதி நெரிசலில் நின்று நின்று ஐட்லிங்கில் உதறிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள், அந்த ஆட்டம் முழுக்கக் காபரேட்டருக்கு வருகிறது.

யுங்கரின் இந்தக் குறுக்கு அதிர்வுச் சோதனையில் மோசமாகத் தோற்றது நம் எல்லோருக்கும் பழக்கமான ஸ்பிரிங் வாஷர், அந்த ஒரு வெட்டு வெட்டி முறுக்கின வளையம். ஸ்குரூ முழுதாக இறுகுவதற்கு முதலே அது தட்டையாகிவிடுகிறது. தட்டையான பிறகு அது சாதாரண வாஷர்தான். கொம்பனி கீழ்க் கிண்ணத்து (பெற்றோல் தேங்கி நிற்கிற கிண்ணம்) ஸ்குரூவோடு அதைப் போட்டு அனுப்பியிருந்தால் போடுங்கள், எறியச் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பி ஓர் ஆபத்தான இடத்தை விட்டுவிடாதீர்கள்.

கழன்றால் எங்கே போகும்

ஒவ்வொரு ஸ்குரூவையும் கையில் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: இது கழன்றால் எங்கே போகும்? இறுக்கத்தைப் பற்றின கேள்வியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கீழ்க் கிண்ணத்தின் ஸ்குரூ கழன்றால் ரோட்டில் விழும். பெற்றோல் ஒழுகும், மணக்கும், நீங்கள் கவனித்து நிறுத்துவீர்கள். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெற்றோல் ஒழுகுவது சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் உங்களுக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. ஜெட் கழன்றால் கிண்ணத்துக்குள்ளேயே விழும், வண்டி ஓடாது. காற்று வழியைத் திறந்து மூடுகிற பட்டர்பிளைத் தட்டின் ஸ்குரூ கழன்றால்? அதற்குப் போக ஒரே வழிதான் இருக்கிறது. காற்று உறிஞ்சப்படுகிற திசையில், இன்லெட் வாயால், வால்வைத் தாண்டி, சிலிண்டருக்குள். பிஸ்டனின் தலைக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் அது நசுங்கும், வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் மாட்டினால் வால்வ் வளையும். எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. மூன்று மில்லிமீற்றர், நாலு மில்லிமீற்றர் தடிப்பமுள்ள ஒரு துண்டுப் பித்தளைக்காக எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும்.

இரண்டாவது கேள்வி, இதைத் திரும்பக் கழற்ற வேண்டி வருமா? ஜெட், கிண்ணம், காற்று-பெற்றோல் கலவையைச் சரிசெய்கிற மிக்ஸர் ஸ்குரூ எல்லாம் திரும்பத் திரும்பத் திறக்கிறவை. பட்டர்பிளைத் தட்டு அப்படியல்ல, ஒருமுறை சரியாகப் பூட்டினால் பல வருடம் தொடத் தேவையில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால் மிச்சம் எல்லாம் கைவேலை.

பட்டர்பிளைத் தட்டு

எல்லா வண்டியிலும் இது இல்லை. பழைய சின்ன ஹொண்டாக்கள், இரண்டு ஸ்ட்ரோக் யமஹா, சுசுக்கி, ஆமல் காபரேட்டர் போட்ட பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் ஸ்லைட் வகை, கேபிள் நேராக ஒரு சிலிண்டர் வடிவத் துண்டை மேலே இழுக்கும். பட்டர்பிளைத் தட்டு இருப்பது, காற்றின் உறிஞ்சலால் ஸ்லைட் தானாக எழும்புகிற சீ.வீ. வகைக் காபரேட்டர்களில். 1968 இல் வந்த ஹொண்டா சிபி 350 மாதிரியான வண்டிகளில் இருக்கிற கெய்ஹின் அந்த வகை. சில ஸ்லைட் காபரேட்டர்களிலும் சோக்குக்கு இப்படி ஒரு தட்டு உண்டு, அதையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

அமைப்பு எளிது. ஒரு தண்டு, அதன் நடுவில் நீளப் பிளவு, பிளவுக்குள் தட்டு. ஸ்குரூ தண்டின் ஒரு பாதியில் இருக்கிற துளையால் நுழைந்து, தட்டைக் கடந்து, மற்றப் பாதியில் வெட்டின புரியில் இறுகும். ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்குரூ. மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வால் நுனியைத் தொழிற்சாலையில் அமுக்கி விரித்துவிட்டிருப்பார்கள், அது துளையை விட அகலமாகிவிடுவதால் ஸ்குரூ தளர்ந்தாலும் வெளியே வர முடியாது. இதே யோசனையின் இன்னொரு வடிவத்தை எஸ்.யூ. காபரேட்டரில் பார்க்கலாம். கொழும்பில் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனர்களில் இருக்கிறதே, அதுதான். அதில் ஸ்குரூவின் வாலே இரண்டாகப் பிளந்திருக்கும், பூட்டின பிறகு பிளவை விரித்துவிட வேண்டும்.

கழற்றும்போது விரித்த வாலை முதலில் அரத்தால் தேய்த்துத் தண்டின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல் முறுக்கினால் அகன்ற வால் தண்டின் புரி முழுவதையும் கிழித்துக்கொண்டு வரும், அல்லது ஸ்குரூ நடுவில் முறியும். இரண்டில் எது நடந்தாலும் புதுத் தண்டு தேட வேண்டும், பழைய வண்டிக்குப் புதுத் தண்டு தேடுவது எவ்வளவு லேசு என்பதைப் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒருநாள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தேய்க்கும்போது உடம்பின் உள்பக்கச் சுவரில் அரம் படக்கூடாது. அங்கே விழுகிற கீறலால் பிறகு காற்று கசியும். முடிந்ததும் தூளை ஊதித் தள்ளுங்கள், தண்டு போய் நுழைகிற பக்கத்து புஷ்ஷுக்குள் பித்தளைத் தூள் போகவிடாதீர்கள்.

இன்னொன்று, தட்டைக் கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் எஞ்சினுக்கு என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டின் விளிம்பு சரிவாக வெட்டியிருக்கும், மாறிப் போட்டால் மூடாது.

உண்மையிலேயே கழற்றத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். தண்டு ஆடவில்லை, சீல் கசியவில்லை, வால் ஒழுங்காக விரிந்து இருக்கிறது என்றால் அதைத் தொடாமல் விடுவதுதான் என் விருப்பம். கிட் வாங்கிவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்று இல்லை.

திரும்பப் பூட்டும்போது புது ஸ்குரூ, அதில் சமரசம் வேண்டாம். வால் தேய்த்த பழையது மறுபடி விரிக்கப் போதுமான நீளம் இருக்காது. பித்தளை அல்லது மென்மையான இரும்பு போடுங்கள். துரு பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் போடுகிறவர்கள் உண்டு, இந்த இடத்துக்கு அது சரிவராது, அதன் வாலை விரிப்பது கஷ்டம், பசையும் அதில் மெதுவாகத்தான் பிடிக்கும்.

ஸ்குரூ இரண்டையும் தளர்வாகப் போட்டு, ஐட்லிங் ஸ்குரூவை நன்றாகப் பின்னுக்கு எடுத்துவிட்டு, த்ரொட்டிலைத் திறந்து திறந்து விட்டுவிடுங்கள். தட்டு தானாகவே நடுவுக்கு வந்து உட்காரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி வெளிச்சம் தெரியவே கூடாது, தெரிந்தால் சுற்றிலும் ஒரே அளவான மயிரிழைக் கோடாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் இல்லாமல் இருந்தால் திரும்பத் தளர்த்தி விடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு ஐட்லிங் ஒருநாளும் இறங்காது, நீங்கள் ஜெட்டைக் குறைசொல்லிக்கொண்டு இருப்பீர்கள்.

நடு சரியானதும் ஒரு ஸ்குரூவை இறுக்கி அப்படியே விட்டு, மற்றதை வெளியே எடுத்து, நுனிப் புரியில் ஒரு சின்னத் துளி பசை தடவித் திரும்பப் போட்டு இறுக்குங்கள். பிறகு முதலாவதற்கும் அதேபோல. இப்போது பசை காய்வதற்கு முதலே வாலை விரிக்க வேண்டும், காய்ந்த பிறகு தட்டினால் பசையின் பிடி உடையலாம். இங்கேதான் நிறையத் தண்டுகள் வளைகின்றன. ஸ்குரூவின் தலைக்குக் கீழே ஓர் இரும்புக் கம்பி முட்டாக நிற்க வேண்டும், அந்தக் கம்பியை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, ஸ்குரூவின் தலை அதன்மேல் நேராக உட்காரும்படி காபரேட்டரைக் கையால் ஏந்திக்கொண்டு, வால் நுனியின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்துச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். அடி முழுவதும் ஸ்குரூவால் கம்பிக்கு இறங்க வேண்டும், தண்டுக்கோ உடம்புக்கோ ஒரு சுமையும் போகக்கூடாது. தட்டுவதற்குப் பயம் என்றால் நீண்ட வாய்க் குறடால் தலையையும் வாலையும் சேர்த்து அமுக்கலாம், எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும். வால் கொஞ்சம் மலர்ந்தால் போதும். பிறகு த்ரொட்டிலைத் திறந்து மூடிப் பாருங்கள், எந்த இடத்திலும் பிடிக்காமல் தானாகத் திரும்பி மூட வேண்டும்.

பசையும் போட்டு வாலும் விரிக்க வேண்டுமா, ஒன்று போதாதா என்று கேட்கலாம். பசை தோற்பது எண்ணெய்ப் பிசுக்கால், விரித்த வால் தோற்பது நுனி முறிந்தால். ஒன்றின் பலவீனம் மற்றதற்கு இல்லை, ஆகவே இரண்டும்.

பசை எப்படி வேலை செய்கிறது

கடையில் எல்லோரும் லொக்டைட் என்றுதான் கேட்கிறோம், அது ஒரு பிராண்டின் பெயர். 1953 இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வெர்னன் கிரீபிள் என்ற இரசாயனப் பேராசிரியர் இதை உருவாக்கினார். இதன் குணம் விசித்திரமானது. காற்று இருக்கும்வரை திரவமாகவே இருக்கும். காற்றுப் புகாத இறுக்கமான புரிக்குள், உலோகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் இறுகும். போத்தலை வாங்கினால் பாதிதான் நிரப்பியிருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம், மிச்ச இடத்தில் இருக்கிற காற்றுத்தான் அதை உள்ளே கெட்டியாகாமல் காப்பாற்றுகிறது.

உலோகத்தைப் பொறுத்து வேகம் மாறும். பித்தளை, செம்பு, சாதாரண இரும்பு என்றால் சுறுசுறுப்பாகப் பிடிக்கும். துத்தநாகப் பூச்சுப் பூசினது, ஸ்டெயின்லெஸ் என்றால் மந்தம். எப்படியோ, முழுப் பலம் வர ஒரு நாள் விடுங்கள். பின்னேரம் பூட்டி இரவே ஓட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

எந்த நிறம்? லொக்டைட் வரிசையில் ஊதா நிற 222 பலம் குறைந்தது, சின்ன ஸ்குரூக்களுக்கென்றே செய்தது. நீல 243 நடுத்தரம். சிவப்பு 271 கழற்றவே கூடாத இடங்களுக்கு, அதை விடுவிக்க நன்றாகச் சூடாக்க வேண்டும், துத்தநாகக் கலவை உடம்பில் அந்தச் சூடு காட்டினால் உடம்பு கெட்டுவிடும். காபரேட்டருக்கு ஊதா போதும். ஊதா கிடைக்காவிட்டால் நீலத்தில் ஒரு துளியிலும் குறைவாக. சிவப்பை இந்த மேசைக்கே கொண்டுவர வேண்டாம். மற்றக் கொம்பனிகளின் நிறங்கள் இதே கணக்கில் இருக்க வேண்டும் என்று இல்லை, போத்தலில் பலம் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள்.

பசை தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பிசுக்கு. பெற்றோலில் கழுவினது காணாது, பெற்றோல் காய்ந்த பிறகும் ஒரு மெல்லிய படலம் நிற்கும். அதற்குப் பிறகு அசிட்டோன் அல்லது பிரேக் கிளீனரால் ஸ்குரூவையும் துளையையும் துடைத்துக் காயவிட வேண்டும். இறுகிய பசையைப் பெற்றோல் ஒன்றும் செய்யாது, ஆனால் வெளியே வழிந்து நிற்கிற இறுகாத பசை பெற்றோலோடு சேர்ந்து நுண் துளைகளுக்குள் போகலாம், தண்டின் புஷ்ஷுக்குள் இறங்கினால் த்ரொட்டில் திறந்தபடியே மாட்டிக்கொள்ளலாம். ஓடுகிற வண்டியில் த்ரொட்டில் மாட்டுவது உயிர் போகிற விஷயம். ஆகவே துளியை எப்போதும் ஸ்குரூவின் நுனியில் தடவுங்கள், துளைக்குள் ஊற்றாதீர்கள், வழிந்ததை உடனே துடையுங்கள். பிளாஸ்டிக்கிலும் பட விட வேண்டாம், சில பிளாஸ்டிக்குகள் இதனால் வெடிப்பு விடும்.

சுப்பர் குளூ, கியூடெக்ஸ் (நகப்பூச்சு), குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மூன்றும் நடைமுறையில் இருக்கிறது. சுப்பர் குளூ இறுகினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும், அதிர்வுக்கு நிற்காது. வெள்ளை டேப் புரியை வழுக்க வைக்கிறது, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர், அதன் நார் ஒன்று பிய்ந்தால் நேராக ஜெட்டை அடைக்கும். கியூடெக்ஸுக்கு மட்டும் ஒரு நல்ல பயன் உண்டு: வெளிப்பக்க ஸ்குரூவை இறுக்கின பிறகு தலையிலிருந்து உடம்புக்கு ஒரு மெல்லிய கோடு இழுத்து விடுங்கள், ஸ்குரூ அசைந்தால் கோடு உடைந்து காட்டும். அது அடையாளம் வைக்கத்தான், பிடித்து நிறுத்துவதற்கு அல்ல.

கிண்ணத்து ஸ்குரூவும் புரிகளின் குழப்பமும்

கிண்ணத்துக்குப் பசை வேண்டவே வேண்டாம். ஒழுங்கான காஸ்கெட், சுத்தமான புரி, அளவான இறுக்கம் போதும். நாலு மில்லிமீற்றர் ஸ்குரூ என்றால் ஏறத்தாழ 2 நியூட்டன் மீற்றர், ஐந்து மில்லிமீற்றர் என்றால் 4 ஐத் தாண்டாமல். அளக்கிற கருவி இல்லாவிட்டால் ஸ்குரூ டிரைவரை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்காமல் மூன்று விரலால் பிடித்து இறுக்குங்கள், விரலுக்கு எட்டின இறுக்கம் சரியான இறுக்கம். மூலைக்கு மூலை மாறி மாறி இறுக்க வேண்டும். ஒழுகுகிறதே என்று கூடக் கூட இறுக்கினால் கிண்ணத்தின் காதுகள் வளைந்து நடுவில் இடைவெளி விழும், பிறகு இன்னும் ஒழுகும்.

ஜப்பான் வண்டிகளில் தலையில் இருக்கிற கூட்டல் குறி வெட்டு சாதாரண பிலிப்ஸ் அல்ல, ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் அளவு. பிலிப்ஸ் நுனி அதற்குள் அடிவரை போய் உட்காராது, அழுத்தி முறுக்கும்போது மேலே ஏறி வெட்டைத் தின்றுவிடும். பழைய காபரேட்டர்களில் பாதித் தலை தேய்ந்து கிடப்பதற்கு இதுதான் காரணம், மெக்கானிக்கின் கைப்பலம் அல்ல. வெசல் பிராண்ட் மாதிரியான ஜப்பான் டிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலைக்குச் செலவழிக்கிற காசில் அதிகப் பயன் தருவது அதுதான்.

அடுத்தது புரி. பஞ்சிகாவத்தையில் போய் "நானா, காபரேட்டர் கிண்ணத்துக்கு அஞ்சு மில்லி ஸ்குரூ நாலு தாங்க" என்று கேட்டால் இன்றைய புரி உள்ளதைத் தருவார், அதில் அவர் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 1960களின் பிற்பகுதிவரை ஜப்பானில் சின்ன ஸ்குரூக்களுக்கு வேறு புரி இருந்தது. இன்று ஐந்து மில்லிமீற்றர் ஸ்குரூவில் புரிக்குப் புரி 0.8 மில்லிமீற்றர், அன்று 0.9. நாலில் இன்று 0.7, அன்று 0.75. மூன்றில் இன்று 0.5, அன்று 0.6. பிரிட்டிஷ் காபரேட்டர்களில் பி.ஏ. என்று ஒரு தனி வரிசை, அதில் நம்பர் கூடக் கூட ஸ்குரூ சின்னதாகும். 2 பி.ஏ. என்றால் 4.7 மில்லிமீற்றர் தடிப்பம், 0.81 புரி. இன்றைய ஐந்து மில்லிமீற்றர் ஸ்குரூவோடு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், ஆனால் தடிப்பமும் வேறு, புரியின் கோணமும் வேறு, மெட்ரிக்கில் 60 பாகை, பி.ஏ. இல் 47.5 பாகை. மாறிப் போட்டு டிரைவரால் தள்ளினால் மென்மையான வார்ப்பு உலோகம் விட்டுக்கொடுத்து உள்ளே விடும், அடுத்த முறை கழற்றும்போது புரியும் கூடவே வரும்.

பரிசோதனை சுலபம். பழையதையும் புதியதையும் புரிக்குள் புரி படும்படி சேர்த்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள், முழு நீளத்துக்கும் வெளிச்சம் தெரியாமல் பொருந்த வேண்டும். பிறகு விரலால் மட்டும் முழுவதும் போக வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் நின்றால் அது வேறு புரி, அங்கேயே நிறுத்துங்கள். பழைய ஸ்குரூவைக் கையோடு கொண்டுபோய்ச் சாமான் வாங்குவதுதான் எப்போதும் நல்லது. புரி ஏற்கனவே கிழிந்திருந்தால் பெரிய ஸ்குரூ ஒன்றைத் திணிக்காமல், நல்ல லேத் பட்டறையில் கொடுத்துக் கம்பிச் சுருள் போட்டு அதே அளவுப் புரியைத் திரும்ப உருவாக்கச் சொல்லுங்கள்.

கடற்காற்றுப் பக்கத்தில் இருக்கிறவர்கள் கிண்ணத்து ஸ்குரூவின் புரியில் செம்பு கிறீஸ் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசலாம், அடுத்த முறை இறுகி நிற்காது. பூசினால் உராய்வு குறையும், ஆகவே இறுக்கத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.

ஜெட், மிக்ஸர், ஊசிக் கிளிப்

ஜெட்டுக்குப் பசை கூடவே கூடாது. பித்தளை ஜெட் அதன் இருக்கையில் போய் உட்கார்ந்து இறுகினாலே நிற்கும், அதற்குத் தேவையான முறுக்கு மிகக் குறைவு. வெட்டின் அகலத்துக்குச் சரியான டிரைவர் போட்டு, உட்கார்ந்த பிறகு ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான்.

மிக்ஸர் ஸ்குரூவும் ஐட்லிங் ஸ்குரூவும் இறுக்கி நிறுத்துகிறவை அல்ல, ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் அவற்றைப் பிடித்திருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள். ஓ-ரிங் உள்ள வகை என்றால் ஸ்குரூவில் முதலில் ஸ்பிரிங், பிறகு குட்டி வாஷர், கடைசியில் ஓ-ரிங். வாஷரை மறந்தால் ஸ்பிரிங் ஓ-ரிங்கைக் கடித்துவிடும். பழைய ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது, டோர்ச் அடித்துப் பாருங்கள்.

ஸ்லைட் வகையில் ஊசியைப் பிடித்திருக்கிற சின்னக் கிளிப்பைக் கழற்றும்போது ஒரு தெளிவான பொலித்தீன் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள், பறந்தாலும் பைக்குள்தான் கிடக்கும். கழற்றுவதற்கு முன் எந்த வெட்டில் இருந்தது என்று எழுதி வையுங்கள். பிடி தளர்ந்த கிளிப்பைக் குறடால் நெருக்கித் திரும்பப் போட வேண்டாம், அதுவும் எஞ்சின் பக்கம் இருக்கிற ஒரு துண்டு என்பதை மறக்காதீர்கள்.

காபரேட்டர் வெளியே இருக்கும் நேரம் முழுவதும் இன்லெட் வாயைப் பெரிய துணியால் அடைத்து வையுங்கள், சின்னத் துணி என்றால் அதுவே உள்ளே போகும். பித்தளை ஸ்குரூ உள்ளே விழுந்தால் காந்தத்தில் ஒட்டாது. வெக்யூம் கிளீனர் குழாயின் முனையில் மெல்லிய டியூப் ஒன்றை டேப் சுற்றி இணைத்து உறிஞ்சி எடுக்கலாம், அதுவரை எஞ்சினைத் துளிகூடச் சுற்றக்கூடாது.

பூட்டி முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் நன்றாக ஆறின பிறகு கிண்ணத்து ஸ்குரூக்களை மூன்று விரலால் ஒருக்கால் பாருங்கள். கடதாசிக் காஸ்கெட் அமுங்கியிருந்தால் கொஞ்சம் எடுக்கும், அதற்குப் பிறகு கோடு இழுத்து விடலாம். கிண்ணத்தின் அடியிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஸ்குரூ எல்லாம் இறுக்கமாக இருந்தும் ஈரம் வருகிறதென்றால் மேலும் இறுக்க வேண்டாம், காஸ்கெட் மடிந்திருக்கும், அல்லது ப்ளோட் ஊசி மூடாமல் பெற்றோல் ஓவர்ஃப்ளோ குழாயால் வந்துகொண்டிருக்கும்.